கையெழுத்துப் போட ஆள் இல்லை

ஜாமீன் கிடைத்தால் அன்று சாயங்காலமே ஆள் வெளியே வந்துவிடுவான் என்றுதான் போன வருடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள். கறுப்புக் கோட்டு போட்டவர் ஒரு காகிதத்தை நீட்டுவார், அடுத்த காட்சியில் ஹீரோ சட்டையை உதறிக்கொண்டு கேட்டைத் தாண்டுவார். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்காவின் மகனுக்கு ஜாமீன் கிடைத்தது உள்ளே போன 13ஆவது நாள். அவன் வெளியே வந்தது 41ஆவது நாள். நடுவில் உள்ள அந்த 28 நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் உண்டு, அதில் ஆறு நாள் என் கணக்கில் வருகிறது.

பையனுக்கு 20 வயது. பெயிண்ட் வேலை. ஒரு கட்டட சைட்டில் காப்பர் ஒயர் சுருள்கள் காணாமல் போயின, கடைசியாக அங்கே வேலை பார்த்த பையன்களில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதில் இவன் ஒருவன். எஃப்.ஐ.ஆரில் 18,000 ரூபாய் மதிப்பு என்று எழுதியிருந்தது. எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அக்காவும் "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "வெளிய வரட்டும் தம்பி, நானே நாலு சாத்து சாத்துறேன். மொதல்ல வரட்டும்" என்றுதான் சொன்னார்.

ஜாமீன் உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்: தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், இருவரில் ஒருவர் ரத்த சம்பந்தம் உள்ளவராக இருக்க வேண்டும், மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டு பழக்கம் உள்ளவர்களுக்கு இது வழக்கமான, ரொம்ப லேசான உத்தரவு. அக்காவுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. 20,000 ரூபாயைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டு, வட்டிக்குக் கேட்டு அலைந்து, காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து, நாலு நாள் கழித்துப் பணத்தோடு வக்கீலிடம் போய் நின்றபோதுதான் "பணமெல்லாம் வேண்டாம்மா, ஆள்தான் வேணும்" என்று சொன்னார்களாம். பணம் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று பிறகு சொன்னார். பணத்தைக் கடன் வாங்கலாம், ஆளை எங்கே போய் வாங்குவது?

ஆள் என்றால் சும்மா ஆள் இல்லை. ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், போட்டோ வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே சொந்தமாக ஒரு இடமோ வீடோ இருக்கிறது என்று காட்டும் வீட்டு வரி ரசீது வேண்டும். ரத்த சம்பந்தத்துக்கு அக்கா நின்றுகொள்வார் என்று முடிவாகிவிட்டது. இரண்டாவது ஆள்தான் சிக்கல். அக்கா குடியிருக்கும் லைன் வீடுகளில் கையெழுத்துப் போடத் தயாராக ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஒருவரிடமும் வீட்டு வரி ரசீது இல்லை. வீட்டு வரி ரசீது உள்ளவர்கள் எங்கள் தெருவில் முப்பது பேர் இருக்கிறோம், ஒருவரும் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் விசாரணைக் கைதிகள் பிரச்சினையில் பாதி இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

என்னிடம் கேட்டபோது "பார்க்கலாம்க்கா" என்றேன். தமிழில் இதைவிட நாகரிகமான "முடியாது" கிடையாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் பேசினோம், அப்பா "கோர்ட்டு வாசல்ல நம்ம காகிதம் எதுக்குடா போகணும்" என்றார், நண்பன் ஒருவன் "ஓடிப் போயிட்டான்னா உன் வீட்டை ஜப்தி பண்ணிடுவாங்க" என்று பயமுறுத்தினான் (10,000 ரூபாய் பத்திரத்துக்கு வீட்டை எப்படி ஜப்தி செய்வார்கள் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை). ஆறு நாள் போயிற்று. இதற்கிடையில் கோர்ட்டு வாசலில் ஒருவர், ஜாமீன்தாரர் ஏற்பாடு செய்து தருகிறேன், 3,000 ரூபாய் ஆகும் என்று அக்காவிடம் பேரம் பேசியிருக்கிறார். அவர் கொண்டுவந்த ஆளின் காகிதத்தில் ஏதோ சரியில்லை என்று கோர்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 3,000 திரும்பி வரவில்லை.

ஏழாவது நாள் நான் போனேன். போக வைத்தது என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. இஸ்திரிக்குக் கொடுத்த சட்டையை வாங்கப் போயிருந்தேன். வழக்கமாக மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் சுற்றித் தருபவர், அன்றைக்கு ஒரு கையில் சூடான பெட்டியைத் தூக்கிக்கொண்டே நின்றார், சட்டையின் மேல் வைக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. கரி கனன்றுகொண்டிருந்தது. "நேத்து மனு பார்க்கப் போனேன் தம்பி, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க, அவன் என்னமோ சொன்னான், என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கவே இல்ல" என்றார். சிறையில் உறவினரைப் பார்ப்பதற்கு நம் பக்கத்தில் மனு என்றுதான் பேர். மனுக் கொடுத்துப் பார்ப்பதால் அந்தப் பேர் வந்திருக்க வேண்டும். அவன் சொன்னது என்னவாக இருக்கும் என்றுதான் அவர் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டில் எனக்கு நடந்தது மொத்தம் மூன்று நிமிடம். அதற்குக் காத்திருந்தது காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை. டவாலி பெயரைக் கூப்பிட்டார், போய் நின்றேன், இவரை எப்படித் தெரியும், எத்தனை வருடமாகத் தெரியும், வாய்தாவுக்கு வரவில்லை என்றால் நீங்கள் பணம் கட்ட வேண்டும் தெரியுமா, தெரியும், முடிந்தது. அன்றைக்கே வந்துவிடுவான் என்று நினைத்தால் அதுவும் இல்லை, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது, உள்ளே பூட்டிவிட்டார்கள், நாளைக்குத்தான் என்றார்கள். அக்கா அன்று இரவு சிறை வாசலில் இருந்த பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

சரி, இது ஒரு பையன் கதை. இதற்குப் பிறகு எனக்குப் புள்ளிவிவரம் பார்க்கும் வியாதி பிடித்துக்கொண்டது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சிறைகளைப் பற்றி ஒரு அறிக்கை போடும். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. அந்த ஐந்தே முக்கால் லட்சத்தில் தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர்தான். 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 76 பேர். இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். சிறையில் இருக்கும் நாலு பேரில் மூன்று பேரைக் குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லவில்லை. அந்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் இடநெருக்கடி என்ற பேச்சே இருக்காது, பாதிக்கு மேல் சிறை காலியாகக் கிடக்கும்.

உலகத்தில் சிறையைப் பற்றிப் பேசினால் எல்லோரும் அமெரிக்காவைத்தான் சொல்வார்கள், நியாயம்தான், அங்கே லட்சம் பேருக்கு ஐந்நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள், இங்கே லட்சத்துக்கு நாற்பது பேர் அளவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் கொஞ்சமாகத்தான் ஆட்களை அடைக்கிறோம். ஆனால் அங்கே சிறையை நிரப்புவது பெரும்பாலும் நீண்ட தண்டனைகள், இங்கே நிரப்புவது காத்திருப்பு. தண்டனைக்காவது ஒரு முடிவுத் தேதி இருக்கும்.

காத்திருப்பவர்கள் யார்? விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள். முஸ்லிம்கள் ஐந்தில் ஒருவர், மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 14 சதவீதம்தான். படிப்பைப் பார்த்தால், மூன்றில் இரண்டு பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், அதிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கணிசம். இதைப் பார்த்துவிட்டு "அப்போ அவங்கதான் நிறைய தப்பு பண்றாங்க" என்று சொல்பவர்கள் உண்டு, என் ஆபீசிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வீட்டு வரி ரசீது கதையைச் சொல்வேன். இதே ஒயரை எங்கள் தெருப் பையன் ஒருவன் எடுத்திருந்தால் சைட் ஓனரிடம் பேசி முடித்திருப்பார்கள், வழக்கே வந்திருக்காது. வழக்கு வந்திருந்தாலும் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வரிசையாக ரசீதோடு நின்றிருப்பார்கள்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 1978லேயே உச்ச நீதிமன்றத்துக்கு மோதிராம் என்ற ஒரு கொத்தனாரின் வழக்கு வந்தது. ஜாமீன் கொடுத்தாகிவிட்டது, மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார், அவருடைய அண்ணன் தம்பி யாரோ ஒருவர் நிற்க முன்வந்தால், அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்துவிட்டு, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்று 1977லேயே எழுதியவர் அவர். 1948இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர், பிறகு 1957இல் கேரளத்தில் சிறைத் துறையையும் சேர்த்துக் கவனித்த அமைச்சர். கம்பியின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர் எழுதிய தீர்ப்பு என்பது அதைப் படித்தால் தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் பீகார். தண்டனை கிடைத்திருந்தால் எத்தனை வருடம் இருக்க வேண்டுமோ அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே இருந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை வந்தது, கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் அதை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று சொன்ன தீர்ப்பு. அதன் விளைவாக 40,000 பேர் வரை வெளியே வந்ததாகச் சொல்வார்கள். இது நடந்து 45 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இஸ்திரி அக்காவுக்குக் கிருஷ்ணய்யரையும் தெரியாது, ஹுசைனாராவையும் தெரியாது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரசீது உள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்பதுதான்.

2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கென்றே ஒரு வழிமுறை போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் ஆளை அனுப்பிக் கைதியிடம் பேச வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே முன்வந்து பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பதைத் தவிர்க்கலாம். நல்ல உத்தரவு, குறை சொல்ல முடியாது. எங்கள் பையனுடைய 28 நாளில் அவனைத் தேடி ஒருவரும் வரவில்லை.

ஏழைக் கைதிகளுக்கு என்று மத்திய அரசின் திட்டம் ஒன்றும் 2023இல் வந்தது, ஜாமீனுக்குப் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முன்னே சொன்ன மாதிரி, பல பேருக்கு இல்லாதது பணம் மட்டும் இல்லை, ஆள்.

இப்போது அந்த 10.30 மணிக்கு வருகிறேன். வெளியே வந்தவுடன் பிரச்சினை முடிந்தது என்று நான் நினைத்தேன், அக்காவும் நினைத்தார். பெயிண்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி காலை ஏழு மணிக்கு டீக்கடை வாசலில் நிற்பார், ஏழரைக்கு வண்டி கிளம்பிவிடும். எட்டரை மணிக்குச் சைட்டில் பிரஷ் கையில் இருக்க வேண்டும். பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியவனை எந்த மேஸ்திரி வண்டியில் ஏற்றுவார்? கையெழுத்து என்றால் போனோம் போட்டோம் என்றும் இல்லை, ரைட்டர் வரட்டும், நோட்டு உள்ளே இருக்கிறது, கொஞ்சம் உட்கார். சில நாள் பன்னிரண்டு மணி ஆகும். ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவனைத் தெருவில் போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள். இப்படி 54 நாள் போட்டான். அதன் பிறகு வக்கீல் மனுப் போட்டு நிபந்தனையைத் தளர்த்தினார்கள், அதற்கும் தனி ஃபீஸ். உள்ளே 41 நாள், வெளியே கையெழுத்து 54 நாள், ஆக 95 நாள் ஒரு வீட்டுக்கு முக்கால்வாசி வருமானம் இல்லை. தண்டனை எதுவும் கொடுக்காமலேயே.

தமிழ்நாட்டில் ஒரு சட்டத்துக்கு மக்கள் வைத்த பேர் கைரேகைச் சட்டம். 1871இல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு சாதியில் பிறந்தாலே ரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போனால் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மேல் சுட்டார்கள், 16 பேர் செத்தார்கள். சட்டம் நாடு முழுக்க ரத்தானது 1952இல். அந்தப் பட்டியலில் இருந்த குறவர்களைப் போய்க் கேட்டால், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் தங்கள் தெருவுக்குத்தான் ஜீப் வருகிறது என்று இன்றைக்கும் சொல்வார்கள், இருளர்களும் அதையேதான் சொல்வார்கள். முடிக்காமல் கிடக்கும் பழைய வழக்குகளை எல்லாம் சேர்த்துத் தலையில் கட்டுவது அவர்களுடைய நீண்ட காலப் புகார். இந்த நோட்டில் தினமும் போடும் கையெழுத்துக்கும் அந்த ரேகைக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது, நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

சாதி கம்பிக்கு உள்ளேயும் போகும். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் அறை பிரிப்பதும் செல்லாது, பதிவேட்டில் சாதி என்று ஒரு பத்தியே இருக்கக் கூடாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டை மத்திய சிறையின் பெயரும் வருகிறது, சாதிவாரியாகத் தனித்தனியாக வைத்திருந்ததற்காக. பெரியார் மண் என்று நாம் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, குண்டாஸ். 1982இல் கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் அடக்க என்று வந்த சட்டம், விசாரணையே இல்லாமல் 12 மாதம் உள்ளே வைக்கலாம். பிறகு திருட்டு விசிடி வரைக்கும் நீட்டினார்கள். இப்படித் தடுப்புக் காவலில் இருப்பவர்கள் நாடு முழுக்க 2022இல் நாலாயிரத்துச் சொச்சம் பேர், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழ்நாட்டில். போடுகிற உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ஏதாவது நடைமுறைக் கோளாறு சொல்லி ரத்து செய்துகொண்டே இருக்கிறது, அதற்குள் ஆறேழு மாதம் ஓடிவிடும். போடுகிறவர்களுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன். "குண்டாஸ் போட்டுருவேன்" என்று மிரட்டுவதே எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு வழக்காகிவிட்டது.

சரி, என்னதான் செய்யலாம் என்று கேட்பீர்கள். விசித்திரம் என்னவென்றால், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதே, நோட்டீஸ் கொடுத்து வரச் சொல் என்று 2014இலேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருட்டுக்கு மூன்று வருடம்தான், ஆக எங்கள் பையன் உள்ளே போயிருக்கவே வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, முதல் தடவை தப்பு செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம், 21 வயதுக்குக் கீழே உள்ளவனைச் சிறைக்கு அனுப்புவதாக இருந்தால் ஏன் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, அந்த 21 வயது பார்ப்பது குற்றவாளி என்று தீர்ப்பு வரும் அன்று. இவன் வழக்கு போகிற வேகத்தில் அதற்குள் இவனுக்கு 21 தாண்டிவிடும்.

2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது, 5,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள முதல் திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை, இப்படிச் சில சின்னக் குற்றங்களுக்கு மட்டும். அதே நாளிலிருந்து, முதல் தடவை மாட்டியவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்ற பிரிவும் வந்தது, முன்பு பாதி என்று இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த வரியில், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இது கிடையாது என்று இருக்கிறது. பழைய வழக்குகளைச் சேர்த்துக் கட்டுகிற ஊரில் இந்த ஒரு வரி எத்தனை பேரை வெளியே தள்ளும், இல்லை, உள்ளே தள்ளும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நியூயார்க்கில் 1961இல் செய்து பார்த்த ஒரு காரியம். மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் என்று பேர். கைதானவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்பதற்குப் பதில், இந்த முகவரியில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், வேலை என்ன, பக்கத்தில் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள், சரிபார்த்தார்கள், ஊரில் வேர் இருக்கிறது என்று தெரிந்தால் சொந்த வாக்குறுதியில் விடச் சொல்லிச் சிபாரிசு செய்தார்கள். விட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் வாய்தாவுக்குத் திரும்பி வந்தார்கள். ஹுசைனாரா வழக்கில் நீதிபதி பகவதி இதைத்தான் எடுத்துக் காட்டினார். அந்த அமெரிக்காவிலேயே வாஷிங்டன் நகரத்தில் 1992லிருந்து பண ஜாமீன் பெரும்பாலும் இல்லை, இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் மொத்தமாகவே எடுத்துவிட்டது. வேரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் இஸ்திரி அக்கா 19 வருடமாக ஒரே மரத்தடியில் வண்டி வைத்திருக்கிறார், இந்தத் தெருவில் பாதிப் பேர் அவருக்குப் பிறகு வந்தவர்கள், நான் உட்பட. ஆனால் மரத்தடிக்கு ரசீது கிடையாது.

தண்டனை பெற்றவர்களுக்கும் மதில் இல்லாத ஏற்பாடு உண்டு. ஜெய்ப்பூர் பக்கத்தில் சாங்கானேர் என்ற இடத்தில் 1963லிருந்து திறந்தவெளிச் சிறை நடக்கிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, சில வருடம் மூடிய சிறையில் கழித்தவர்கள். மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள், பகலில் வெளியே வேலைக்குப் போகிறார்கள், நேரத்துக்குத் திரும்பி வந்து பேர் கொடுக்கிறார்கள். நம்மிடமும் கோவை சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை பக்கம் புரசடை உடைப்பு என்று திறந்தவெளிச் சிறைகள் இருக்கின்றன. அவற்றில் கொஞ்சம் பேரைத்தான் வைக்கிறோம்.

"உன் வீட்ல திருடு போனா இப்படிப் பேசுவியா?" என்று கேட்பார்கள். போயிருக்கிறது. நாலு வருடம் முன்பு என் பைக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அப்போது எடுத்தவன் கையில் கிடைத்தால் நானே போலீஸ் வேலையைப் பார்த்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம். கடைசியில் ஒருவனைப் பிடித்தார்கள், உள்ளே வைத்தார்கள், என் பைக் வரவில்லை, அவன் உள்ளே இருந்த நாட்களால் எனக்கு ஒரு ஸ்க்ரூகூடத் திரும்பி வரவில்லை. அவன் வேலை பார்த்து மாதம் ஐந்நூறாகத் திருப்பித் தந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள், சாட்சியை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அடைத்துத்தான் வைக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு ஜாமீன்தாரர் கிடைக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை, வரிசையில் நிற்பார்கள்.

என் பயம் வேறு விதமாகத் தீர்ந்தது. பையன் ஓடிப் போய்விடுவானோ என்பதுதானே பயம்? முதல் வாய்தாவுக்கு அவன் வரவே மறந்துபோக இருந்தான், ஓடவில்லை, தேதி எழுதிய சீட்டை எங்கேயோ தொலைத்துவிட்டான். அம்மாவும் மகனும் தேதி தெரியாமல் முழித்தார்கள். நான் போனில் கோர்ட்டு இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுத் தேதியைப் பார்த்துச் சொன்னேன், இரண்டு நிமிட வேலை. போகாமல் விட்டிருந்தால் வாரண்ட், திரும்ப உள்ளே, ஜாமீனும் ரத்தாகியிருக்கும், எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் சாயங்காலம் அவனுக்கு ஒரு போன் செய்கிறேன். இதுவரை ஒன்பது வாய்தா ஆகிவிட்டது, ஒன்றும் தவறவில்லை. பெரும்பாலும் போய் நிற்பான், அடுத்த தேதி கொடுப்பார்கள், அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

பத்தாவது வாய்தா வருகிற செவ்வாய்க்கிழமை. நேற்று சட்டை கொடுக்கப் போனபோது அக்கா வண்டியின் தகரத்தில் சாக்பீஸால் தேதியை எழுதி வைத்திருந்தார். "நீங்க போன் பண்ணுங்க தம்பி, இருந்தாலும் இருக்கட்டும்னு எழுதினேன்" என்றார்.